ஜெப நோட்டில் வந்த பெயர்

ஏழு மணிக்குக் கரண்ட் போகும், ஏழரைக்கு வரும். அந்த வருடங்களில் திருவனந்தபுரத்தில் எங்கள் பகுதிக்கு வாய்த்த நேரம் அது. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த அரை மணி நேர இருட்டை வீணாக்க வேண்டாமென்று அதையே குடும்ப ஜெபத்துக்கு ஒதுக்கியிருந்தேன். டி.வி. ஓடாது. வீட்டுப்பாடம் என்று சாக்குச் சொல்ல முடியாது. யாரும் எங்கும் தப்பிப் போகவும் முடியாது.

இடவப்பாதி என்று அங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலை. கூடத்தில் பாய் விரித்திருந்தது. கவிழ்த்து வைத்த எவர்சில்வர் கிண்ணத்தின் மேல் மெழுகுவர்த்தி. அதைச் சுற்றி நான், என் மனைவி வயலெட், ஒன்பது வயது ஜெசி, ஆறு வயது ஷைனி. முழங்காலில் பாயின் கோரை பதிந்து வலிக்கத் தொடங்கும் நேரத்தில் ஷைனியின் முறை வந்தது.

"அன்புள்ள ஆண்டவரே, காலையில் இட்லி தந்ததற்காக ஸ்தோத்திரம். ஜெசியின் ரப்பரை ஒளித்து வைத்ததை மன்னியும். குற்றம் சாட்டப்பட்ட ஊழியரான ஞானதாஸ் மாமாவை விட்டுவிடும். அவர் மனப்பூர்வமாகச் செய்யவில்லை. ஆமென்."

நான் சட்டென்று கண்ணைத் திறந்தேன் என்று எழுதினால் அது பொய். என் கண் முன்பே திறந்துதான் இருந்தது. ஜெப நேரத்தில் யார் யார் கண்ணை மூடவில்லை என்று பார்க்க ஒருவராவது விழித்திருக்க வேண்டுமே. அந்தப் பொறுப்பை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஞானதாஸ் என்பவர் அப்போது சஸ்பென்ஷனில் இருந்த ஒரு குமாஸ்தா. அவர் மீதான துறை விசாரணையை நடத்திக்கொண்டிருந்த அதிகாரி நான்.

நன்றி ஒன்று, மன்னிப்பு ஒன்று, விண்ணப்பம் ஒன்று

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் விசாரணைகளைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருந்தேன். படித்துவிட்டு வயலெட், "ஊர்க்காரன் வீட்டு விசாரணையெல்லாம் எழுதியாச்சு. நம்ம வீட்டு விசாரணைய எப்ப எழுதுதிய?" என்று கேட்டாள். அதனால்தான் இது.

நிலம் சம்பந்தப்பட்ட ஒரு துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். மேசைக்கு வரும் மனுக்களில் பாதிக்குத் தேதி இருக்காது. கால்வாசிக்குக் கையெழுத்து இருக்காது. என்ன வேண்டும் என்று கேட்டிருக்கும் மனு பத்தில் ஒன்று தேறினால் அதிசயம். என் பிள்ளைகள் ஆண்டவரிடம் அப்படிப் போய் நிற்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

ஆகவே விதிகள். அன்றைக்கு நடந்த ஒரு காரியத்துக்கு நன்றி. அன்றைக்குச் செய்த ஒரு தப்புக்கு மன்னிப்பு. பிறகு வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவருக்காக, பெயர் சொல்லி, அவருக்கு என்ன வேண்டும் என்பதையும் சொல்லி, ஒரு விண்ணப்பம். "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்பது செல்லாது. அது தெளிவில்லாத மனு. வீட்டில் ஒருவர் சொன்ன பெயரை மறுபடி யார் சொல்லவும் இரண்டு மாதம் ஆக வேண்டும். அதற்குள் நினைவூட்டல் அனுப்புகிறவரை எந்த ஆபீசிலும் யாருக்கும் பிடிக்காது.

இதைச் சரிபார்க்க எண்பது பக்க ஜெப நோட்டு ஒன்று இருந்தது. அதன் பொறுப்பாளர் ஜெசி. தேதி, ஆள், யார் சொன்னது என்று மூன்று பத்தி போட்டு எழுதுவாள். வாரம் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் பக்கத்தின் அடியில் நான் கையெழுத்துப் போடுவேன்.

"இது ஜெபமா, இல்ல ஒங்க ஆபீசா?" என்று வயலெட் ஆரம்பத்திலேயே கேட்டாள்.

"ஒழுங்கா எழுதின மனுவுக்குத்தான் பதில் வரும்" என்றேன்.

"ஆமா, ஒங்க ஆபீசுலேருந்து எல்லாருக்கும் பதில் வந்துட்டுல்லா."

ஷைனிக்கு நான்கு வயதில் ஜெபம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். வாக்கியம் வாக்கியமாக நான் சொல்ல, அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் நாள் நடுவில் எனக்கு இருமல் வந்தது. அவள் அதையும் பக்தியோடு திருப்பிச் செய்தாள். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ் என்று ஆனபோது ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ஆண்டவருக்கு மலையாளம் அறியுமா அப்பா?"

"எல்லாம் அறியும். ஆனா நம்ம வீட்டுக்குத் தமிழ்லதான் பதில் போடுவாரு."

அதை அப்படியே நம்பினாள். நம்புகிற பிள்ளைகளிடம் கவனமாக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டு முகவரி உள்ள ஜெபம்

பெயரைக் கேட்டதும் எனக்கு ஏன் உடனே சந்தேகம் வந்தது என்று இங்கே சொல்லிவிட வேண்டும்.

நாகர்கோவில் பக்கம் என் சிறுவயதில் எங்கள் வீட்டுக்கு அப்பாவின் தங்கை வந்து தங்கியிருந்தாள். மாலை ஜெபத்தில் அவள் முறை வந்தால் குரல் தழுதழுக்கும். "ஆண்டவரே, இந்த வீட்டில் மீன் குழம்பில் நடுத்துண்டைச் சிலர் தாங்களே எடுத்துக்கொள்ளுகிறார்கள். அவர்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்." அடுத்து அம்மாவின் முறை. "விருந்துக்கு வந்து மூன்று மாதமாகியும் ஊர் திரும்பாதவர்களுக்கு நல்ல வழித்துணையைத் தாரும், பிதாவே." அப்பா மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டுக்கும் ஆமென் சொல்வார்.

சத்தமாகச் செய்யும் ஜெபத்துக்கு எப்போதும் இரண்டு முகவரி உண்டு என்பதை அந்த வீட்டில் கற்றேன். ஒன்று மேலே. மற்றது பக்கத்துப் பாய்.

ஜெசிக்கும் இந்த ரத்தம் உண்டு. தனக்கென்று எதுவும் கேட்கக் கூடாது என்ற விதியை அவள் தாண்டிய விதம் இது: "பக்கத்து வீட்டு அனிதாவிடம் இரண்டு ஷட்டில் பேட் இருக்கிறது, கர்த்தாவே. ஒரு பேட்கூட இல்லாத வீட்டாரைப் பார்த்து அவள் வருத்தப்படாதபடி அவளைத் தேற்றும்." நான் பேட் வாங்கித்தரவில்லை. ஆனால் வாக்கிய அமைப்பைப் பாராட்டினேன்.

புது வழியில் வந்த சிபாரிசு

விசாரணை அதிகாரி மேல் வெளியிலிருந்து செல்வாக்குச் செலுத்த முயல்வது நடத்தை விதிகளின்படி தனிக் குற்றம். பெரிய இடத்துத் தொலைபேசி அழைப்புகளைப் பார்த்திருக்கிறேன். மதத் தலைவர்களின் கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். விடிந்ததும் வாசலில் பெயரில்லாமல் உட்கார்ந்திருக்கும் பலாப்பழத்தைப் பார்த்திருக்கிறேன். சிபாரிசு கடவுள் வழியாக, அதுவும் என் வீட்டுப் பாயில் வந்தது அதுதான் முதல் முறை.

ஞானதாஸ் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். தேயிலை பறித்த குடும்பத்திலிருந்து பரீட்சை எழுதி அரசு வேலைக்கு வந்த முதல் ஆள். எல்லைத் தகராறு சம்பந்தமான ஒரு கோப்பு காணாமல் போயிருந்தது. கோப்பு கைமாறும்போது கையெழுத்து வாங்கும் புத்தகத்தில், பெற்றுக்கொண்டதாக அவருடைய கையெழுத்து இருந்தது. அவருடைய விளக்கம் எளிமையானது. அன்றைக்குப் பதினோரு கோப்புகள் ஒரே கட்டாக வந்தன, எண்ணிப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அந்தக் கோப்பு கட்டில் இருந்ததா என்றே தெரியாது, மனப்பூர்வமாகச் செய்யவில்லை.

நான் நம்பவில்லை. யாரோ ஒரு தரப்புக்காக அவர் கோப்பை ஒழித்துக்கட்டியிருக்கிறார் என்றே என் வரைவு போய்க்கொண்டிருந்தது. அது நிரூபணமானால் வேலை போகும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 'மனப்பூர்வம்' என்பது ஆறு வயதுப் பிள்ளையின் சொல் அல்ல. அது அந்த விளக்கத்தில் இருந்த சொல். ஞானதாசின் மனைவி ரோஸ்லின், எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர். ஷைனி அவருடைய வகுப்பில்தான் இருந்தாள். என் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதைத்தான் நினைத்திருப்பார்கள்.

மறுநாள் காலை ஷைனி பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே விசாரணையைத் தொடங்கினேன்.

"ஞானதாஸ் மாமாவ ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அப்ப அந்தப் பேர ஆரு சொல்லித் தந்தா?"

"அப்பா."

"ஜெபம் அப்பா சொல்லித் தந்தேன். நான் கேக்கது பேர."

"அப்பாதான்."

"ரோஸ்லின் டீச்சர் ஒண்ணும் சொல்லலியா?"

"டீச்சர் பறஞ்சது நோவா கப்பல் கதை."

சாட்சி நன்றாகத் தயாரிக்கப்பட்டிருக்கிறாள் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன்.

"ஆறு வயசுப் பிள்ளைய எதுக்கு இந்தக் குடை குடையுதிய?" என்று அடுக்களையிலிருந்து வயலெட் சத்தம் போட்டாள். "எதெடுத்தாலும் ஒரு சம்சயம்!"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷைனியை வகுப்புக்கு அனுப்பாமல் என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். வகுப்பு முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் எல்லார் கையிலும் ஒரு காகிதக் கப்பல். ரோஸ்லின் ஒரு கப்பலைத் தனியாக எடுத்துக்கொண்டு எங்களைத் தேடி வந்தார். ஒல்லியான பெண், நூல் சேலையின் கரையில் கொஞ்சம் பசை ஒட்டியிருந்தது.

"ஷைனிமோள்க்குள்ளது சார். இன்னிக்கு வரல்லையே."

"வேண்டாம். ரொம்ப உபகாரம்" என்றேன்.

நீட்டிய கையை உடனே மடக்கிக்கொள்ளத் தெரியாமல் அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். ஷைனி கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதக் கப்பலும் பலாப்பழம் மாதிரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விசாரணையின் அடுத்த அமர்வு முடிந்து காகிதங்களைக் கட்டிய பிறகு ஞானதாசிடம் நேராகவே கேட்டேன்.

"என் சின்ன மக ஒங்க பேரச் சொல்லி ஜெபிச்சா. இது ஆரு ஏற்பாடு?"

"என் பேரா சார்? குட்டியா?"

"நடிக்க வேண்டாம்."

"இல்ல சாரே. எனக்கு அறியாது." பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என் பொஞ்சாதிகூட இப்ப எனக்காக ஜெபிக்கிறதில்ல சார். ஆறு மாசம் ஜெபிச்சாச்சு, இனி மதி, போதும்னு சொல்லிட்டா. அப்ப ஒரு ஆளாவது உண்டு, அல்லே?"

நல்ல நடிப்பு என்று நினைத்தேன். அன்றே அறிக்கையில் பதினான்காம் பத்தியைச் சேர்த்தேன். விசாரணை அதிகாரியின் குடும்பத்தின் மூலம் செல்வாக்குச் செலுத்த முயற்சி. அது அவருடைய குற்ற உணர்வைக் காட்டுகிறது. அவ்வளவுதான், இனி அந்த மனிதர் எழுந்திருக்க முடியாது.

மாமியாருக்குச் சீரியஸ்

அறிக்கையை அனுப்ப இரண்டு நாள் இருந்தது. ஏழு மணி. கரண்ட் போனது. ஷைனியின் முறை.

"டிரைவர் விக்ரமன் மாமா அனுமதி இல்லாமல் ஜீப்பை வர்க்கலைக்குக் கொண்டுபோனதை மன்னியும், ஆண்டவரே. அவருடைய மாமியாருக்கு சீரியஸ் ஆயிருந்து. ஆமென்."

விக்ரமனின் கோப்பு ஒட்டிய உறையில் முந்தின நாள்தான் என் கைக்கு வந்திருந்தது. அவர் கொல்லத்துக்காரர். எங்கள் சபைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ரோஸ்லினுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. ஆக, கசிவு வீட்டுக்குள். மெழுகுவர்த்திக்கு அந்தப் பக்கம் இருந்த வயலெட்டை உற்றுப் பார்த்தேன்.

"என்ன, இப்ப எம்மேலயா?" என்றாள்.

"என் பையைத் திறந்தியா?"

அவள் சிரித்த சிரிப்பில் மெழுகுவர்த்தி அணைந்து, மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. "ஒங்க பைய நான் என்னத்துக்குத் திறக்கணும்? தினமும் காலைல இந்தக் கூடத்துல அங்கயும் இங்கயும் நடந்து ரேடியோ மாதிரி வாசிக்கது ஆரு? அந்நேரம் நான் அடுத்த ரூம்ல இவளுக்குத் தலை பின்னிட்டிருப்பேன். விக்ரமனோட மாமியார் கதை எனக்கே மனப்பாடம்."

உண்மை. காதால் கேட்டால்தான் வரைவில் உள்ள பிழை எனக்குப் பிடிபடும். குற்றச்சாட்டு, விளக்கம், சாட்சியம் எல்லாவற்றையும் வாய்விட்டு வாசிப்பது என் வழக்கம். மிக ரகசியம் என்று முத்திரை குத்திய காகிதங்களையும் அப்படித்தான் வாசித்திருக்கிறேன்.

"எதுக்கு மக்களே அந்தப் பேரெல்லாம் எடுத்த?" என்று ஷைனியிடம் கேட்டேன்.

"எனக்கு ஆளு தீந்துபோச்சு அப்பா." அவள் விரல்விட்டு எண்ணினாள். "சித்தப்பா பேரு சொல்லி ஆயி. மாமா, மாமி எல்லாம் ஆயி. பால்காரி ஆயி. வேன் மாமா ஆயி. ஹெட்மிஸ்ட்ரஸும் ஆயி. ரெண்டு மாசத்துக்குத் திருப்பிச் சொல்லக்கூடாதுன்னு பறஞ்சது அப்பாவல்லே?"

"எல்லாம் நோட்டுல உண்டு" என்று ஜெசி பொறுப்பாளரின் கம்பீரத்தோடு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

மெழுகு வெளிச்சத்தில் பக்கங்களைத் திருப்பினேன். பள்ளிக்கூடம் திறந்த முதல் மூன்று வாரம் உறவும் தெருவும். நான்காம் வாரம் பியூன் தங்கப்பன். மீன்காரத் தங்கப்பன் என்று நினைத்துக் காதில் வாங்காமல் விட்டிருக்கிறேன். டைப்பிஸ்ட் சரளா. வாட்ச்மேன் குட்டப்பன். என் அலமாரியில் இருந்த குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஒவ்வொருவராக, ஜெசியின் உருண்டைக் கையெழுத்தில், பதவியோடு வந்திருந்தார்கள். வந்த எவருக்காவது தண்டனை கொடு என்று ஷைனி கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து, தேதியோடு. ஏழு வாரம், ஏழு கையெழுத்து. அதில் ஒரு பக்கத்தையும் நான் வாசித்திருக்கவில்லை.

ஞானதாசைப் பற்றி நான் எழுதியிருந்த வரி ஒன்று உண்டு. "பொறுப்புள்ள எந்த ஊழியரும் பார்க்காமல் கையெழுத்திடமாட்டார், ஆகவே விளக்கம் ஏற்கத்தக்கதல்ல." எனக்கு மிகவும் பிடித்துப்போன வரி. அன்று காலைகூட இரண்டு தடவை சத்தமாக வாசித்திருந்தேன்.

பதினான்காம் பத்தி

மறுநாள் காலை அந்தப் பத்தி இருந்த தாளைக் கிழித்தேன். ஆபீசுக்குப் போய்க் கைமாற்றுப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பதினோரு கையெழுத்துகளும் பேனாவை எடுக்காமல் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போனவை. முன்பு அதைப் பார்த்தபோது, எதையோ மறைக்கிற அவசரம் என்று நினைத்திருந்தேன். ஜெப நோட்டில் என் கையெழுத்தும் அப்படித்தான் ஓடியிருந்தது.

அறிக்கையை வாயை மூடிக்கொண்டு திருத்தி எழுதினேன். கோப்பை ஒழித்ததாகச் சொல்லும் முதல் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. கவனக்குறைவு என்ற இரண்டாவது நிரூபணமானது. கவனக்குறைவுக்கு வேலை போகாது. ஞானதாஸ் ஒரு கண்டிப்போடு வேலைக்குத் திரும்பினார். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

முறைப்படி நான் மேலிடத்துக்கு எழுதி, விசாரணையிலிருந்து விலகியிருக்க வேண்டும். என் மேல் செல்வாக்கு செலுத்தப்பட்டது உண்மைதானே? செலுத்தியவர் வயது ஆறு, உறவு மகள் என்று எழுதும் தைரியம் எனக்கு வரவில்லை. அந்தக் கோப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. அன்றைக்குக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு, இப்போதும் உண்டு. அதைவிடப் பெரிய சந்தேகம் என் மேலேயே. அந்த முடிவை எழுத வைத்தது சாட்சியமா, பாயில் கேட்ட ஜெபமா? இத்தனை வருடமாகியும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

என் முறை

நோட்டைப் பார்த்த அந்த மாலைக்குத் திரும்புகிறேன். ஜெபம் இன்னும் முடியவில்லை. என் முறை பாக்கி இருந்தது.

நோட்டில் எனக்கு நேரே முதல் நாள் "நாட்டுத் தலைவர்கள்" என்று இருந்தது. அதற்குக் கீழே ஏழு வாரமும் ஜெசி 'மேற்படி' குறி போட்டிருந்தாள். அதுவரை என் விஷயத்தில் யாரும் விதியைக் காட்டியதில்லை.

நன்றி சொன்னேன். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "ஞானதாசுக்காக..." என்று தொடங்கினேன்.

"அது நான் பறஞ்சாச்சு" என்றாள் ஷைனி.

"ரெண்டு மாசம் ஆகல்ல" என்றாள் ஜெசி, நோட்டைப் பார்த்து.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும்..."

"ரூல் எல்லாருக்கும் ரூல்தான், கேட்டோ" என்றாள் ஜெசி.

வயலெட் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் வேறு ஆள் தேடினேன். நகரத்தில் பாதிப் பேரைத் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவன் நான். நினைவுக்கு வந்தவர்கள் எல்லாம் கோப்பில் இருந்தார்கள், அல்லது கோப்பைக் கொண்டுவந்தவர்களாக இருந்தார்கள். மழை விட்டிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போது பசை ஒட்டிய சேலைக் கரையும், நீட்டியபடி நின்ற ஒரு கையும் நினைவுக்கு வந்தன.

"ரோஸ்லின் டீச்சர்" என்றேன்.

ஜெசி பக்கங்களைப் புரட்டினாள். "இது புதுசு. எழுதலாம்."

"டீச்சருக்கு என்ன வேணும்னு பறயணும் அப்பா" என்றாள் ஷைனி. "வெறும் பேரு செல்லாது."

"எனக்குத் தெரியல மக்களே."

"அப்ப ஞாயித்துக்கிழம கேட்டுட்டு வந்து பறஞ்சா மதி. கப்பலும் வாங்கிட்டு வரணும்."

சரி என்று சொல்லி, கண்ணை மூடி ஜெபத்தைத் தொடர்ந்தேன். ஆமென் சொல்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது. ஃபேன் சுற்றும் சத்தத்தைக் கேட்டுத்தான் அது எனக்குத் தெரிந்தது.